எழ மறுக்கும் புதுக் கணினி

நேற்றுவரை ஓடிக்கொண்டிருந்த கணினி இன்று காலை எழவில்லை என்றால், ஏதோ ஒன்று கெட்டுவிட்டது என்று தயங்காமல் சொல்லலாம். மதர்போர்டு, பிராசஸர், ரேம், எஸ்எம்பிஎஸ், கேபினெட் எல்லாவற்றையும் தனித்தனிப் பெட்டிகளில் வாங்கிவந்து, வீட்டு மேசையில் வைத்துப் பூட்டி முடித்து, முதல்முறை பொத்தானை அழுத்தும்போது எழவில்லை என்றால் அப்படிச் சொல்வதற்கில்லை. அந்தப் பாகங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து ஓடிய வரலாறே கிடையாது. பாகம் நல்லதா, ஒன்றுக்கொன்று பொருந்துமா, பூட்டியது சரியா என்று மூன்று ஐயங்கள் ஒரே நேரத்தில் நிற்கின்றன.

பூட்டியவரின் மனம் இவற்றில் முதலாவதைத்தான் பிடித்துக்கொள்ளும். "போர்டு டெட்" என்ற தீர்ப்பு பத்து நிமிடத்துக்குள் வந்துவிடும். ஆனால் போர்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் ரேமும் ஆலையை விட்டு வெளியேறும்முன் சோதனையைக் கடந்து வந்தவை. யாரும் சோதிக்காத ஒரே வேலை, சற்றுமுன் அந்த மேசையில் நடந்த பூட்டுதல். எனவே முதல் ஐயம் பூட்டுதல் மீதும், அடுத்தது பொருத்தத்தின் மீதும், கடைசியாகத்தான் பாகத்தின் மீதும் விழ வேண்டும். பழைய கணினிக்கு இந்த வரிசை அப்படியே தலைகீழ். பழுதுநீக்கும் வழிகாட்டிகளில் பல இந்த இரண்டு நிலைமைகளையும் பிரிக்காமல், பதினைந்து இருபது சோதனைகளை ஒரே நீளப் பட்டியலாகக் கொடுத்துவிடுகின்றன. அந்தப் பட்டியல்களில் தவறு இருப்பதில்லை. எதிலிருந்து தொடங்குவது, ஒரு சோதனையின் விடை அடுத்த எந்தச் சோதனையைத் தேவையற்றதாக்குகிறது என்பதை மட்டும் அவை சொல்வதில்லை.

கணினி எப்படி எழுகிறது என்பது தெரிந்தால் இந்த வரிசை தானாகக் கிடைக்கும். அது எப்போதும் இன்றுள்ளதுபோல் இருக்கவில்லை. 1981 ஆகஸ்டில் ஐபிஎம் வெளியிட்ட பிசியின் வலப்பக்கத்தில், பின்புறத்தை ஒட்டி, பெரிய சிவப்பு ஸ்விட்ச் ஒன்று இருந்தது. சுவரிலிருந்து வந்த மின்சாரம் அந்த ஸ்விட்சைக் கடந்துதான் உள்ளே போனது. அதன் பவர் சப்ளையின் மொத்தத் திறன் 63.5 வாட். ஸ்விட்சைத் தட்டியும் எழவில்லை என்றால் மின்சாரம் வரவில்லை, அல்லது பவர் சப்ளை போய்விட்டது. விசாரணை பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். 1990களின் நடுவரை வந்த ஏடி வகைக் கேபினெட்டுகளிலும் இதே கதைதான். முன்பக்கப் பொத்தானுக்கே வீட்டு மின்சாரத்தின் கம்பி நேராக வந்தது. அந்தக் கால போர்டுகளுக்கு மின்சாரம் கொடுத்தவை பி8, பி9 என்ற இரண்டு தனி கனெக்டர்கள். இரண்டிலும் உள்ள கறுப்புக் கம்பிகள் நடுவில் பக்கத்துப் பக்கமாக வரும்படி செருக வேண்டும். மாற்றிச் செருகினாலும் உள்ளே போய்விடும், போர்டு கருகிவிடும். அசெம்பிள் செய்யக் கற்றுக்கொண்டவர்களுக்கு முதலில் சொல்லித்தரப்பட்ட பாடம் அதுதான்.

1995இல் இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் தரம் இரண்டையும் மாற்றியது. தவறாகச் செருக முடியாத வடிவில் 20 பின் கொண்ட ஒரே கனெக்டர் வந்தது. பின்னாளில் அது 24 ஆனது. பொத்தானின் வேலையும் மாறியது. இன்றைய பவர் பொத்தான் வாசல் தாழ்ப்பாள் இல்லை, அழைப்பு மணி. அது மின்சாரத்தைத் திறந்துவிடுவதில்லை. திறந்துவிடச் சொல்லி மதர்போர்டிடம் கேட்கிறது. மதர்போர்டு எஸ்எம்பிஎஸ்ஸிடம் கேட்கிறது. எஸ்எம்பிஎஸ் மறுக்கலாம். கேட்ட செய்தி வழியிலேயே தொலைந்தும் போகலாம். ஆகவே இன்று கணினி எழவில்லை என்பது மின்சாரப் பிரச்சினையாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. சைகைப் பிரச்சினையாகவும் இருக்கலாம்.

அந்தச் சைகைகளின் வரிசையைச் சற்று நிதானமாகப் பார்ப்பது நல்லது. எஸ்எம்பிஎஸ்ஸின் பின்பக்க ஸ்விட்சைப் போட்ட நொடியிலிருந்து, பொத்தானைத் தொடாமலேயே, அது ஒரே ஒரு மின்னழுத்தத்தை மட்டும் தந்துகொண்டிருக்கும்: 5 வோல்ட் ஸ்டாண்ட்பை. பழைய வண்ணக் கம்பிகளில் இது ஊதா. 24 பின் கனெக்டரில் 9ஆம் பின். மதர்போர்டில் பொத்தானைக் கவனித்துக்கொண்டிருக்கும் சிறு பகுதி இந்த 5 வோல்ட்டில்தான் விழித்திருக்கிறது. பொத்தான் அழுத்தப்பட்டதும் அது பச்சைக் கம்பியை, அதாவது 16ஆம் பின்னை, கிரவுண்டுக்கு இழுக்கிறது. எஸ்எம்பிஎஸ்ஸுக்குப் போகும் கோரிக்கை அதுதான். அதன்பிறகு 12, 5, 3.3 வோல்ட் மூன்றும் எழுகின்றன. இவை ஒவ்வொன்றும் 5 விழுக்காட்டுக்குள் ஏறி இறங்கலாம். 12 வோல்ட் என்றால் 11.4 முதல் 12.6 வரை. எல்லாம் நிலைப்பட்டு, 100 முதல் 500 மில்லிசெகண்டுக்குள் சாம்பல் கம்பியில், 8ஆம் பின்னில், "மின்சாரம் சரி" என்ற சைகை வருகிறது. அதுவரை பிராசஸர் ரீசெட்டிலேயே நிறுத்தப்பட்டிருக்கும். சைகை வந்தபிறகே அது பயாஸ் சிப்பிலிருந்து முதல் கட்டளையை எடுத்து, ரேமையும் கிராபிக்ஸையும் சோதித்து, திரைக்கு ஏதாவது அனுப்புகிறது.

இந்தச் சங்கிலி எங்கே அறுந்தது என்பதை வெளியிலிருந்தே ஓரளவு படிக்கலாம். அசைவே இல்லை; ஒரு கணம் துடித்து அடங்குகிறது; ஃபேன் சுற்றுகிறது, ஆனால் திரை இருட்டாக இருக்கிறது. கடைகளில் "பவர் வரல", "ஆஃப் ஆயிடுது", "டிஸ்ப்ளே வரல" என்று இவற்றைப் பிரித்துத்தான் பேசுகிறார்கள். வீட்டில் பூட்டுபவர்கள் மூன்றையும் சேர்த்து "ஆன் ஆகல" என்கிறார்கள். பாதி நேரம் வீணாவது இங்கேதான். ஃபேன் சுற்றும் கணினிக்கு சுவர் பிளக்கைச் சோதிப்பதில் பயனில்லை. அசைவே இல்லாத கணினியில் ரேமைக் கழற்றி மாட்டுவதில் பெரும்பாலும் பயனில்லை.

வெளி மின்சாரத்தைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் பின்பக்க ஸ்விட்ச் வட்டக் குறியில் இல்லாமல் கோட்டுக் குறியில் இருக்கிறதா, பவர் கார்டு கடைசிவரை உள்ளே போயிருக்கிறதா, ஸ்பைக் பஸ்டரின் ஸ்விட்ச் போடப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, யுபிஎஸ்ஸையும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸையும் விட்டு நேராகச் சுவர் பிளக்கில் செருகி, அதே பிளக்கில் ஒரு டேபிள் ஃபேனை ஓட்டிப் பார்த்தால் முடிந்தது. விலை குறைந்த சில எஸ்எம்பிஎஸ்களில் 115, 230 என்று மாற்றும் சிவப்பு நகர்த்தி இன்னும் இருக்கிறது. நம் ஊர் மின்சாரம் 230 வோல்ட். நகர்த்தி 115இல் இருந்த நிலையில் செருகியிருந்தால் வெடிச்சத்தத்தோடு அது தன் கதையை முடித்திருக்கும். ஐயத்துக்கே இடம் வைக்காது. செருகியதும் வீட்டு எம்சிபி விழுகிறது என்றால் எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளேயே ஷார்ட் என்று பெரும்பாலும் முடிவு செய்யலாம்.

எர்த் இல்லாத வீடுகளில் கேபினெட்டைத் தொட்டால் ஜிவ்வென்று இழுக்கும். அது எஸ்எம்பிஎஸ்ஸின் இரைச்சல் வடிகட்டிக் கண்டென்சர்கள் வழியே கசியும் மிகச் சிறு மின்னோட்டம். எர்த் கம்பி இருந்தால் அது பேசாமல் மண்ணுக்குப் போயிருக்கும். இல்லாதபோது கேபினெட்டின் உலோகம் ஏறத்தாழ பாதி மின்னழுத்தத்தில் மிதந்துகொண்டிருக்கும். கணினி எழாததற்கு இது காரணமாவது அரிது. ஆனாலும் அந்த நிலையில் பெட்டிக்குள் கைவிட்டு வேலை செய்யக் கூடாது. மின்சாரப் பணியாளரைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிசெய்த பிறகே மற்றவை.

இனி அசைவே இல்லாத நிலை. இதற்கு நான் முதல் குற்றவாளியாக நிறுத்துவது முன்பக்கப் பொத்தானின் சிறு கம்பியை. மதர்போர்டின் கீழ் விளிம்பில் 9 பின்கள் கொண்ட இரட்டை வரிசை இருக்கும். பவர் பொத்தான், ரீசெட், பவர் விளக்கு, டிஸ்க் விளக்கு எல்லாம் அங்கேதான் சேர வேண்டும். பெரும்பாலான போர்டுகள் பின்பற்றும் இன்டெல் ஏற்பாட்டில் பவர் பொத்தான் 6, 8ஆம் பின்களுக்கு உரியது. நகநுனி அளவு பிளாஸ்டிக் முனையைக் குனிந்து, நிழலில், மேலே கிராபிக்ஸ் கார்டு மறைக்க, ஒரு பின் தள்ளிச் செருகிவிடுவது மிக எளிது. ரீசெட் முனையை பவர் இடத்தில் மாட்டிவிடுவதும் உண்டு. விளக்குகளுக்கு பிளஸ், மைனஸ் முக்கியம்; பொத்தானுக்கு இல்லை, ஏனெனில் அது இரண்டு முனைகளைத் தொடவைக்க மட்டுமே செய்கிறது. ஆகவே கம்பியைக் கழற்றிவிட்டு, அந்த இரண்டு பின்களையும் ஸ்குரூடிரைவர் நுனியால் ஒரு கணம் தொட்டுப் பார்க்கலாம். எழுந்துவிட்டால் குற்றம் பொத்தானிலோ அதன் கம்பியிலோதான்.

எழாவிட்டால் மல்டிமீட்டரை எடுக்க வேண்டும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண மீட்டர் போதும். டிசி 20 வோல்ட் அளவில் வைத்து, கறுப்பு முனையை கேபினெட்டின் வண்ணம் பூசாத உலோகத்தில் தொட்டுக்கொண்டு, சிவப்பு முனையை 24 பின் கனெக்டரின் பின்புறத்திலிருந்து கம்பியோடு ஒட்டி நுழைக்க வேண்டும். இன்றைய கேபிள்களில் எல்லாக் கம்பியும் கறுப்பு என்பதால் நிறத்தை நம்பாமல் கையேட்டிலுள்ள பின் எண்களைப் பார்ப்பதே வழி. முதலில் 9ஆம் பின். அங்கே 5 வோல்ட் இல்லையா? 24 பின் கனெக்டரைப் போர்டிலிருந்து கழற்றிவிட்டு மறுபடியும் அளக்கவும். கழற்றியபிறகும் இல்லை என்றால் எஸ்எம்பிஎஸ் போய்விட்டது. கழற்றியதும் 5 வோல்ட் திரும்பி வந்தால், போர்டோ அதில் செருகிய ஏதோ ஒன்றோ அதை விழுங்குகிறது. முன்பக்க யுஎஸ்பி கேபிளை இடம் தப்பிச் செருகி அங்கே ஒரு பின் வளைந்திருந்தால் இப்படி ஆகலாம். போர்டைப் பழிசொல்லும்முன் அதைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

9ஆம் பின்னில் 5 வோல்ட் இருந்தால் அடுத்தது 16ஆம் பின். சும்மா இருக்கும்போது அதில் சில வோல்ட்டுகள் காட்டும். பொத்தானின் பின்களைத் தொடவைக்கும்போது சுழியத்துக்கு அருகில் இறங்க வேண்டும். இறங்கவே இல்லை என்றால் போர்டு கோரிக்கை அனுப்பவில்லை. இறங்கியும் 12 வோல்ட் எழவில்லை என்றால் கோரிக்கை போயிருக்கிறது, எஸ்எம்பிஎஸ் மறுக்கிறது. "போர்டா, எஸ்எம்பிஎஸ்ஸா" என்று நாள்கணக்கில் ஓடக்கூடிய விவாதத்தை இந்த இரண்டு அளவீடுகள் ஐந்து நிமிடத்தில் ஒரு பக்கம் சாய்த்துவிடுகின்றன. இருந்தும் வழிகாட்டிகள் பலவற்றில் இது கடைசியில் வருகிறது, அல்லது வருவதே இல்லை.

அவற்றுக்குப் பதிலாக எல்லாரும் சொல்வது பேப்பர் கிளிப் சோதனையை. எஸ்எம்பிஎஸ்ஸை எல்லாவற்றிலிருந்தும் கழற்றி, 16ஆம் பின்னையும் பக்கத்திலுள்ள 17ஆம் கிரவுண்ட் பின்னையும் வளைத்த கிளிப்பால் இணைத்து, ஃபேன் சுற்றுகிறதா என்று பார்ப்பது. பயனுள்ள சோதனைதான், ஆனால் அதன் மீது வைக்கப்படும் நம்பிக்கை அதிகம். சுமையே இல்லாமல் ஓடிக்காட்டிய எஸ்எம்பிஎஸ், பிராசஸர் இழுக்கும்போது படுத்துவிடலாம். எதிர்ப்பக்கமும் உண்டு: சூடு ஏறும்வரை ஃபேனைச் சுற்றவிடாத வகைகள் இப்போது நிறைய வருகின்றன. அவற்றில் ஃபேன் அசையாததைப் பார்த்து நல்ல எஸ்எம்பிஎஸ்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட வாய்ப்பிருக்கிறது. ஒரு கேபினெட் ஃபேனை அதன் கேபிளில் மாட்டியோ, 12 வோல்ட்டை மீட்டரில் பார்த்தோ முடிவு செய்வதுதான் சரி.

இங்கே ஓர் எச்சரிக்கை. எஸ்எம்பிஎஸ்ஸின் பெட்டியை மட்டும் வீட்டில் யாரும் திறக்கக் கூடாது. 230 வோல்ட் ஏசி உள்ளே டிசியாக மாறும்போது 325 வோல்ட்டுக்கு ஏறுகிறது. பவர் ஃபேக்டர் திருத்தம் உள்ள வகைகளில் 380, 400 வரை போகும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கண்டென்சரில் அது தங்கியிருக்கலாம்.

ஒரு கணம் துடித்து அடங்கும் கணினி வேறு கதை. இங்கே கோரிக்கை போயிருக்கிறது, எஸ்எம்பிஎஸ்ஸும் எழுந்திருக்கிறது. எழுந்ததும் ஏதோ ஒன்றைக் கண்டு பின்வாங்குகிறது. ஷார்ட், மிகை மின்னோட்டம் போன்றவற்றுக்கான காவல் சுற்றுகள் அதற்குள் இருக்கின்றன. அவை ஒருமுறை விழுந்தால் பல எஸ்எம்பிஎஸ்களில் பூட்டிக்கொள்ளும். பின்பக்க ஸ்விட்சை அணைத்து சிறிது நேரம் காத்திருந்தால்தான் மறுபடி வேலை செய்யும். இது தெரியாதவர்கள் முதல்முறை துடித்த கணினி இரண்டாம்முறை துடிக்கவில்லை என்பதைப் பார்த்து, இப்போது முழுதாகவே செத்துவிட்டது என்று நினைக்கிறார்கள்.

ஷார்ட்டுக்கு வழக்கமான இடம் போர்டின் முதுகு. கேபினெட்டின் தகட்டுக்கும் போர்டுக்கும் இடையே பித்தளை ஸ்டாண்ட்ஆஃப்கள் நிற்க வேண்டும். அவற்றைப் போடாமல் நேராகத் திருகினாலும் தவறு. போர்டின் துளை இல்லாத இடத்தில் ஒன்று கூடுதலாக நின்றாலும் தவறு. பெரிய போர்டுக்கென ஆலையில் பொருத்திவந்த ஸ்டாண்ட்ஆஃப், சிறிய மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டின் முதுகில் பற்றவைப்புப் புள்ளிகளைத் தொட்டுக்கொண்டு நிற்பது நடக்கக்கூடியது. உள்ளே நழுவி விழுந்த ஒரு திருகும் அதே வேலையைச் செய்யும். கேபினெட்டைத் தூக்கி மெல்ல ஆட்டினால் சத்தம் வருகிறதா என்று கேட்பது சிரிப்பாகத் தோன்றினாலும் முறையான சோதனைதான்.

துடிப்பின் நீளமும் துப்பு தரும். அரை நொடியில் அடங்கினால் ஷார்ட்டைத் தேட வேண்டும். எழுந்து, ஏறத்தாழ 4 நொடி ஓடி, ஒவ்வொரு முறையும் அதே நேரத்தில் அணைந்தால் பொத்தானைப் பார்க்க வேண்டும். பொத்தானை 4 நொடிக்கு மேல் அழுத்திப் பிடித்தால் கணினி அணைந்துவிட வேண்டும் என்பது ஏற்கெனவே உள்ள ஏற்பாடு. பொத்தான் உள்ளேயே சிக்கிக்கொண்டால் போர்டுக்கு அது நீண்ட அழுத்தமாகத்தான் தெரியும். சில நிமிடம் ஓடிவிட்டு அணைந்தால் வெப்பம். ஹீட்சிங்க்கின் அடியில் ஒட்டியிருந்த பாதுகாப்பு பிளாஸ்டிக்கை உரிக்காமலே பொருத்தியிருக்கலாம்.

மூன்றாவது நிலைதான் மிகப் பெரியது: எல்லா ஃபேனும் சுற்றுகின்றன, விளக்குகள் வண்ணம் மாறுகின்றன, திரையில் ஒன்றுமில்லை. இதில் முதலில் பார்க்க வேண்டியது போர்டின் மேல் இடது மூலையில் செருக வேண்டிய 4 அல்லது 8 பின் கொண்ட பிராசஸர் பவர் கேபிள். 24 பின் கனெக்டரைச் செருகியதும் போர்டுக்கு மின்சாரம் கொடுத்தாயிற்று என்று மனம் முடித்துக்கொள்கிறது. ஆனால் இன்றைய பிராசஸர் ஏறக்குறைய 1 வோல்ட்டில் ஓடுகிறது. 100 வாட் வேண்டுமென்றால் 100 ஆம்பியர் வேண்டும். அவ்வளவு மின்னோட்டத்தை எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து கம்பியில் கொண்டுவர முடியாது. அதனால் 12 வோல்ட்டில் எட்டு ஒன்பது ஆம்பியராகக் கொண்டுவந்து, பிராசஸரின் பக்கத்திலேயே போர்டு அதை இறக்கிக்கொள்கிறது. 2000இல் பென்டியம் 4 வந்தபோது இதற்கென்றே தனி கனெக்டர் வந்தது. அதைச் செருகாவிட்டால் பல போர்டுகளில் ஃபேன்கள் சுற்றும், பிராசஸர் மட்டும் பட்டினி கிடக்கும்.

இந்த 8 பின் கனெக்டரைப் பார்த்தால் கிராபிக்ஸ் கார்டின் 8 பின் கனெக்டர் போலவே தெரியும். பிராசஸருக்கானது நடுவில் 4, 4 ஆகப் பிரியும். கார்டுக்கானது 6, 2 ஆகப் பிரியும். இரண்டிலும் 12 வோல்ட்டும் கிரவுண்டும் இடம் மாறி நிற்கின்றன. ஒன்றை மற்றொன்றில் செருக முடியாதபடி பிளாஸ்டிக் முனைகளின் வடிவம் வேறுபட்டிருக்கிறது. பலத்தால் திணிப்பவர்களுக்கு எதிராக எந்த வடிவமும் நிற்காது. இதைவிடப் பெரிய ஆபத்து மாடுலர் எஸ்எம்பிஎஸ்களில் இருக்கிறது. கேபிளின் போர்டு முனைக்குத் தரம் உண்டு; எஸ்எம்பிஎஸ் முனைக்குப் பொதுத் தரம் இல்லை. பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிள் புதியதில் சரியாகச் செருகிக்கொள்ளும், 5 வோல்ட் போக வேண்டிய இடத்துக்கு 12 வோல்ட்டை அனுப்பும். பி8, பி9 காலத்தின் ஆபத்தை 1995இல் ஒழித்தார்கள். அது இந்தப் பக்கவாசல் வழியாகத் திரும்பிவிட்டது. கேபிளை மட்டும் மாற்றிக்கொள்ளும் பழக்கம் உள்ளவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

பவர் கேபிள் சரி என்றால் அடுத்தது ரேம். புதிய போர்டுகளில் ஒரு பக்கம் மட்டும் கிளிப் இருக்கும். மறுபக்கம் முழுதாக அமர்ந்ததா என்பது கண்ணுக்குத் தெரியாது, அழுத்தித்தான் பார்க்க வேண்டும். நான்கு இடங்கள் உள்ள போர்டில் இரண்டு ரேம் என்றால் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது இடங்கள். ஒன்று மட்டும் என்றால் இரண்டாவது. ஒன்றை மட்டும் வைத்து எழுப்பிப் பார்ப்பது எப்போதும் நல்லது. டிடிஆர்5 ரேம் உள்ள கணினிகளில், குறிப்பாக 2022இல் வந்த ஏஎம்டியின் ஏஎம்5 வகையில், முதல்முறை எழும்போது ரேமுக்கு ஏற்ற நேர அளவுகளைப் போர்டு தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. திரை இருட்டாகவே பல நிமிடங்கள் போகலாம். பொறுமை இழந்து அணைத்தால் அடுத்தமுறை அந்த வேலை மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். பழுதே இல்லாத கணினியை நாள் முழுதும் பழுதுபார்க்க இது ஒன்றே போதும்.

திரையின் கேபிளை எங்கே மாட்டினோம் என்பதும் பார்க்க வேண்டியதே. தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால் கார்டில்தான் மாட்ட வேண்டும். இன்டெல் பிராசஸர்களில் பெயர் எஃப் எழுத்தில் முடிபவற்றுக்கும், ஏஎம்4 வகை ரைசன்களில் ஜி எழுத்து இல்லாதவற்றுக்கும் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. போர்டின் எச்டிஎம்ஐ துளை அங்கே வெறும் அலங்காரம்.

பொருத்தப் பிரச்சினையில் கொடியது பயாஸ். சாக்கெட் ஒன்றாக இருக்கும், பிராசஸர் சரியாக அமரும், ஆனால் போர்டின் பயாஸ் அந்த பிராசஸர் பிறப்பதற்கு முன்பே எழுதப்பட்டிருக்கும். 2018இல் கிராபிக்ஸ் உள்ளடங்கிய ரைசன் 2000 வரிசை வந்தபோது கடைகளில் இருந்த பல ஏஎம்4 போர்டுகள் அவற்றை அடையாளம் காணவில்லை. பயாஸைப் புதுப்பிக்கப் பழைய பிராசஸர் வேண்டும். புதிதாகப் பூட்டுபவரிடம் அது ஏது? ஏஎம்டி நிறுவனமே விலை குறைந்த பிராசஸர் ஒன்றைக் கடனாக அனுப்பி, வேலை முடிந்ததும் திரும்பப் பெறும் ஏற்பாட்டைச் செய்தது. இன்டெல் பக்கத்திலும் 600 வரிசை போர்டுகளில் 13, 14ஆம் தலைமுறை பிராசஸர்களை வைப்பவர்கள் இதைச் சந்திக்கிறார்கள். பிராசஸர் இல்லாமலே யுஎஸ்பி டிரைவிலிருந்து பயாஸை எழுதும் பொத்தான் இப்போது பல போர்டுகளின் பின்புறத்தில் இருக்கிறது. வாங்கும்போது கவனிக்க வேண்டிய வசதிகளில் வண்ண விளக்குகளைவிட இதையே முன்னால் வைப்பேன்.

போர்டு தானே பேசும் வழிகளும் உண்டு. 1981இன் பிசியே சோதனை முடிந்ததும் ஒரு சிறு பீப் ஒலி கொடுத்தது. இன்றும் போர்டுகளில் ஸ்பீக்கருக்கான பின்கள் இருக்கின்றன. கேபினெட்டோடு ஸ்பீக்கர் வருவதுதான் நின்றுவிட்டது. அற்ப விலைக்குக் கிடைக்கும் அதை மாட்டி, ரேம் முழுவதையும் கழற்றிவிட்டு எழுப்பினால், பல போர்டுகள் ரேம் இல்லை என்று கத்தும். அந்தக் கத்தலைக் கேட்டால் எஸ்எம்பிஎஸ், போர்டு, பிராசஸர் மூன்றும் பெருமளவு நலம் என்று பொருள். இப்போதைய போர்டுகளில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று நான்கு சிறு விளக்குகள் அதே வேலையைச் செய்கின்றன. எது அணையாமல் நிற்கிறதோ அங்கே சங்கிலி அறுந்திருக்கிறது. எழும்போது டிராம் விளக்கு நெடுநேரம் எரிந்தால், மேலே சொன்ன ரேம் நேர அளவுத் தேடல் நடக்கிறதா என்று முதலில் காத்திருந்து பார்க்க வேண்டும்.

இனி முறைகளை ஒப்பிடலாம். பாகத்தை மாற்றிப் பார்ப்பது மிக விரைவானது, உதிரிப் பாகம் கையில் இருந்தால். சென்னை ரிச்சி தெருக் கடையில் பணியாளர் மேசையடியிலிருந்து ஓர் எஸ்எம்பிஎஸ்ஸை எடுத்து மாட்டி, இரண்டு நிமிடத்தில் விடை சொல்லிவிடுவார். முதல் கணினியைப் பூட்டும் மாணவரிடம் இன்னொரு பிராசஸர் எங்கிருந்து வரும்? நண்பரின் ஓடும் கணினியிலிருந்து கழற்றி வந்தால், கோளாறான எஸ்எம்பிஎஸ் அந்த நல்ல போர்டையும் கொண்டுபோய்விடலாம். கடைக்காரரின் முறையை வீட்டுக்கு அப்படியே சொல்லிக்கொடுப்பது சரியில்லை. வீட்டுக்கு ஏற்றது குறைத்துப் பார்ப்பதும் அளந்து பார்ப்பதும்தான்.

குறைத்துப் பார்ப்பது என்றால், போர்டைக் கேபினெட்டிலிருந்து எடுத்து அது வந்த அட்டைப் பெட்டியின் மேல் வைத்து, பிராசஸர், ஹீட்சிங்க், ஒரு ரேம், எஸ்எம்பிஎஸ் மட்டும் இணைத்து எழுப்புவது. போர்டு வந்த பளபளப்பான பையின் மேல் வைக்கக் கூடாது. அத்தகைய பைகளில் மின்சாரம் கடத்தும் பூச்சு இருக்கலாம். வெளியே எழுந்துவிட்டால் ஸ்டாண்ட்ஆஃப், பொத்தான், முன்பக்க யுஎஸ்பி, இணைக்காமல் விட்ட பாகம் ஆகியவற்றில் ஒன்றுதான் பெரும்பாலும் குற்றவாளி. இணைத்த பாகங்கள் அத்தனையும் ஒரே அடியில் விடுதலை. கழற்றிய வேலையை மறுபடி செய்ய வேண்டுமே என்ற சலிப்பில் பலர் இதைக் கடைசிவரை தள்ளிப்போடுகிறார்கள். அரை மணி நேர அலுப்புதான். இதைப்போல் ஐயத்தைப் பாதியாக வெட்டும் சோதனை வேறு இல்லை.

அளவீட்டுக்கும் எல்லை உண்டு. சாதாரண மீட்டர் சராசரியைக் காட்டும். 12 வோல்ட்டில் 120 மில்லிவோல்ட்டுக்கு மேல் அலை இருக்கக் கூடாது என்று ஏடிஎக்ஸ் விதி சொல்கிறது. அந்த அலையையோ ஒரு மில்லிசெகண்ட் சரிவையோ மீட்டர் பார்க்காது. எனவே மீட்டர் "இல்லை" என்று சொன்னால் முழுதாக நம்பலாம். "சரி" என்று சொன்னால் முக்கால் பங்கு நம்பலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் எழவில்லை என்றால் பாகத்தைச் சந்தேகிக்கலாம், கடைக்குப் போகலாம். பாகங்களை மூன்று இடத்தில் வாங்கியிருந்தால் போர்டு விற்றவர் எஸ்எம்பிஎஸ்ஸைக் காட்டுவார், எஸ்எம்பிஎஸ் விற்றவர் போர்டைக் காட்டுவார். 9ஆம் பின்னில் எவ்வளவு, 16ஆம் பின் இறங்கியதா, கேபினெட்டுக்கு வெளியே என்ன ஆயிற்று, எந்த விளக்கு எரிந்தது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் பேச்சு சீக்கிரம் முடியும். சாக்கெட்டை மூடியிருந்த பிளாஸ்டிக் மூடியையும் தேடி எடுத்துக்கொள்ள வேண்டும். அது இல்லாமல் போர்டைத் திரும்ப வாங்க மறுப்பவர்கள் உண்டு. பின்கள் போர்டிலேயே இருக்கும் வகையென்றால், மூடியைப் பொருத்தும்முன் பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி வைத்து சாக்கெட்டை நெருக்கமாகப் படம் எடுத்துவைப்பது நல்லது. கடைக்காரர் முதலில் பார்க்கப்போவது அதைத்தான். ஒரு பின் வளைந்திருந்தாலும் வாரண்டி இல்லை என்பார். தாளில் எழுதியதை வாங்கிப் படிக்கவும் மாட்டார்.